கோடு எங்கய்யா? பீப் மட்டும் கேக்குது!

மக்களே, முதல்லயே சொல்லிடறேன். இது கார் விமர்சனப் பதிவு இல்லை. எந்தக் கார் வாங்கலாம், மைலேஜ் என்ன கொடுக்கும், சன்ரூஃப் இருக்கான்னு தேடி வந்தவங்க அப்படியே யூ-டர்ன் அடிச்சுக்கலாம். இண்டிகேட்டர் போட்டுட்டுத் திரும்புங்க, இல்லேன்னா பீப் அடிக்கும் :-)

மேட்டர் இதுதான். இப்போ வர்ற கார் விளம்பரம் எல்லாத்துலயும் ஒரு வார்த்தை கட்டாயம் இருக்கு. அடாஸ். கார் ஓட்டுறவருக்குக் கூடமாட ஒத்தாசை பண்ற மின்னணு சமாச்சாரங்களுக்கு மொத்தமா வச்ச பேரு. 2020, 2021 வாக்குல எம்.ஜி. குளோஸ்டர், மஹிந்திரா எக்ஸ்.யூ.வி.700ன்னு ஆரம்பிச்சது, இன்னிக்கு வென்யூ மாதிரி சின்ன வண்டி வரைக்கும் இறங்கி வந்தாச்சு. அந்த மூட்டைக்குள்ள இருக்கிற ஒரு அயிட்டம்தான் லேன் டிபார்ச்சர் வார்னிங். தடம் மாறினா எச்சரிக்கை. இன்னிக்கு நம்ம பஞ்சாயத்து இதோடதான்.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா. முன் கண்ணாடியில, உள்பக்கக் கண்ணாடிக்குப் பின்னாடி ஒரு கேமரா உட்கார்ந்திருக்கும். அது ரோட்டுல இருக்கிற வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கிட்டே வரும். நம்ம சக்கரம் கோட்டை நோக்கி நகருது, ஆனா இண்டிகேட்டர் போடலைன்னா, "இவன் வேணும்னு போகலை, அசந்துட்டான்"னு முடிவு பண்ணி பீப் அடிக்கும், இல்லேன்னா ஸ்டியரிங்கை அதிர வைக்கும். பெரும்பாலான கார்கள்ல சுமார் 60 கி.மீ. வேகத்துக்கு மேல போனாத்தான் வேலை செய்யும். இதுக்கு அடுத்த படி லேன் கீப் அசிஸ்ட். அது கத்துறதோட நிக்காம, தானே ஸ்டியரிங்கைத் திருப்பி வண்டியைக் கோட்டுக்குள்ள இழுத்துட்டு வரும்.

புதுசா கண்டுபிடிச்ச சமாச்சாரமும் இல்லை. 1992லயே ஜப்பான்ல மிட்சுபிஷிக்காரன் டெபோனேர்ங்கற வண்டியில கேமரா வச்சு ஆரம்பிச்சுட்டான். 2005 வாக்குல சிட்ரோயன், பம்பருக்கு அடியில அகச்சிவப்பு சென்சார் வச்சு, கோட்டைத் தாண்டினா சீட்டு அதிர்ற மாதிரி பண்ணினான். ஐரோப்பிய ஒன்றியத்துல 2024 ஜூலையில இருந்து விற்கிற எல்லாப் புதுக் காருக்கும், தடம் மாறினா எச்சரிச்சுத் திருத்துற ஏற்பாடு கட்டாயம்.

உயிரைக் காப்பாத்துதா? காப்பாத்துது, மறைக்கவே மாட்டேன். அமெரிக்காவுல இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் சேர்ந்து நடத்துற ஐ.ஐ.எச்.எஸ்.னு ஒரு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு. 2017ல அவங்க போட்ட கணக்குப்படி, இந்த எச்சரிக்கை இருக்கிற வண்டிகள்ல இது தடுக்கக்கூடிய வகை விபத்துகள் 11 சதவீதம் குறைவு. காயம்பட்ட விபத்துகளை மட்டும் எடுத்தா 21 சதவீதம் குறைவு. சின்ன விஷயமில்ல.

நிற்க.

அந்த 21 சதவீதம் எங்க கிடைச்சது? கோடு இருக்கிற ஊர்ல. நான் சொல்ல வந்தது இந்த ஒரே விஷயம்தான், மிச்சமெல்லாம் அதுக்கு விளக்கவுரை. இந்தக் கருவியில பாதிதான் காருக்குள்ள இருக்கு. மீதிப் பாதி ரோட்டுல இருக்கு. காருக்குள்ள இருக்கிற பாதிக்கு நம்மகிட்ட காசு வாங்கிட்டாங்க. ரோட்டுல இருக்க வேண்டிய பாதியை யாரும் போடலை. யார் போடணும்னு யாரும் கேக்கவும் இல்லை.

சீட் பெல்ட்டைப் பாருங்க. 1959ல வால்வோ கம்பெனி இன்ஜினியர் நில்ஸ் போலின் கண்டுபிடிச்ச மூணு முனை பெல்ட். அது ரோட்டைப் பார்த்து ஒரு கேள்வியும் கேக்காது. தார் ரோடோ மண் ரோடோ, கும்மிருட்டோ கொட்டுற மழையோ, இடிச்சா பிடிச்சுக்கும். ஏர்பேக்கும் அப்படித்தான். இந்த லேன் வார்னிங் அப்படி இல்லை. அதுக்குக் கோடு வேணும். அழியாத கோடு, ராத்திரியில பளிச்சுனு தெரியுற கோடு, ரெண்டு பக்கமும் ஒழுங்கா ஓடுற கோடு வேணும்.

இப்போ நம்ம ரோட்டுக்கு வாங்க. அந்தக் கேமராவா உங்களைக் கொஞ்சம் கற்பனை பண்ணிக்குங்க.

நான்குவழிச் சாலையில ஏறினதும் சந்தோஷமா இருக்கும். கோடு தெரியுது, பச்சைக் கலர்ல லேன் படம் டிஸ்ப்ளேவுல வருது. பத்து கிலோமீட்டர் போனா மேம்பால வேலை. மாற்றுப்பாதை. பழைய கோடு நேரா தடுப்புச் சுவருக்குள்ள போகுது, வண்டிங்க எல்லாம் இடது பக்கம் வளைஞ்சு போகுது. நீங்க எதை நம்புவீங்க? அதைத் தாண்டினா இடது ஓரக் கோட்டு மேல ஒரு முழம் மண் ஏறிக் கிடக்கு. அதுக்கு அப்புறம் கான்கிரீட் ரோடு. வெளுத்த கான்கிரீட் மேல வெள்ளைக் கோடு, அதுவும் மதிய வெயில்ல. கோடு எது, ரோடு எதுன்னு மனுஷக் கண்ணுக்கே தெரியாது. விரிசலை அடைக்கத் தார் ஊத்தின இடத்துல அது நீளமாப் பளபளன்னு ஓடும், மழை பெஞ்சா அதுதான் கோடு மாதிரித் தெரியும்.

நான்குவழியை விட்டு இறங்கி ரெண்டு வழி ரோட்டுக்கு வந்துட்டா சொல்லவே வேணாம். அறுவடைக் காலத்துல ரோட்டுல பாதி தூரத்துக்கு நெல்லு காயும். எள்ளோ கொள்ளோ செடியோட பரத்தி, வண்டி ஏறட்டும்னு விட்டிருப்பாங்க. அங்க கோட்டைத் தாண்டித்தான் ஆகணும். டிராக்டர், சைக்கிள், ஷேர் ஆட்டோ, ஆட்டு மந்தைன்னு ஒவ்வொண்ணையும் தாண்ட நடுக்கோட்டை மிதிச்சுத்தான் ஆகணும். நம்ம லேன்லயே எதிர்த்தாப்புல ஒருத்தர் ஹெட்லைட்டை அணைச்சு அணைச்சுப் போட்டுக்கிட்டு வருவார். அப்போ நீங்க சட்டுனு ஒதுங்குறீங்க. பீப்! உயிர் பொழைச்சதுக்கு உங்க காரே உங்களைத் திட்டுது.

என் சித்தப்பா பையன் போன வருஷம் இந்த வசதி இருக்கிற டாப் மாடல் ஒண்ணு எடுத்தான். (எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க, எல்லாருக்கும் ஒரே கதைதான்.) டெலிவரி அன்னிக்கு நானும் கூடப் போயிருந்தேன். ஷோரூம் பையன் எல்லாத்தையும் அழகா சொல்லிக் குடுத்தான். கடைசியா, "சார், இந்த பட்டனை அழுத்திப் பிடிச்சீங்கன்னா லேன் வார்னிங் ஆஃப் ஆயிடும். எல்லாரும் ஆஃப் பண்ணித்தான் ஓட்டுறாங்க"ன்னான். "அப்புறம் எதுக்குப்பா இதுக்குத் தனியாக் காசு?"ன்னு கேட்டேன். சிரிச்சான். சித்தப்பா பையன், "விடுண்ணே, ரீசேல் வேல்யூ இருக்கும்"னான். ஆக, நாம காசு குடுத்து வாங்கினது அந்த ஆஃப் பட்டனைத்தான் :-(

உடனே நம்ம ஆளுங்க சில பேர் ஆரம்பிச்சுடுவாங்க. "இந்தியனுக்கு லேன் டிசிப்ளின் கிடையாது சார், ஃபாரின்ல பாருங்க..." ஐயா, ஃபாரினையே பார்ப்போம். அதே ஐ.ஐ.எச்.எஸ். வாஷிங்டன் பக்கம் டீலர் ஒர்க்ஷாப்புக்கு சர்வீசுக்கு வந்த 983 வண்டிகளைத் திறந்து பார்த்தாங்க. முன்னாடி மோதாம தடுக்கிற வசதி 93 சதவீத வண்டிகள்ல ஆன்ல இருந்தது. லேன் சமாச்சாரம்? 51 சதவீதம்தான். கோடு ஒழுங்கா இருக்கிற நாட்டுலயே பாதிப் பேர் அதை அணைச்சு வச்சிருக்கான். தேவையில்லாம கத்துற எதையும் மனுஷன் அணைச்சுடுவான், அதுல அமெரிக்கன் என்ன, அரியலூர்க்காரன் என்ன? புலி வருது புலி வருதுன்னு கத்தின பையன் கதை நமக்கு ரெண்டாங் கிளாஸ்லயே சொல்லிக் குடுத்ததுதானே. நெஜமாவே புலி வந்த அன்னிக்கு என்னாச்சுன்னும் தெரியும்ல.

அமெரிக்காவுலயே ஏ.ஏ.ஏ.ங்கற வாகன ஓட்டிகள் சங்கம் 2020ல சுமார் 4,000 மைல் ஓட்டிப் பார்த்தது. சராசரியா 8 மைலுக்கு ஒரு தடவை இந்த ஒத்தாசை வசதிகள் ஏதாவது சொதப்பிச்சு. அந்தச் சொதப்பல்கள்ல 73 சதவீதம் லேன் சம்பந்தப்பட்டது. 2021ல செயற்கையா மழை மாதிரி தண்ணி அடிச்சு சோதிச்சாங்க. லேன் கீப் அசிஸ்ட் 69 சதவீதத் தடவை கோட்டைத் தாண்டிப் போயிடுச்சு. அங்கயே அந்த லட்சணம்னா நம்ம ஊர் ஐப்பசி மழையில எப்படி இருக்கும்?

இதுல ஒரு செம காமெடி இருக்கு. லாஸ் ஏஞ்சலஸ் ஆட்டோ ஷோ சமயத்துல, வால்வோ கம்பெனியோட வட அமெரிக்கத் தலைவர் ஒரு பாதி-தானியங்கிக் காரை அந்த ஊர் மேயருக்குப் போட்டுக் காமிச்சார். மேயரே ஸ்டியரிங்ல உட்கார்ந்திருக்கார். கார் அப்பப்போ தானா ஓட மாட்டேன்னு மக்கர் பண்ணுது. ஏன்னா கோடு தெரியலை. கடுப்பான கம்பெனித் தலைவர், ரோட்டுக்கு ஒழுங்கா பெயிண்ட் அடிங்கய்யான்னு மேயர்கிட்டயே சொல்லிட்டார். 2016ல ராய்ட்டர்ஸ்ல வந்த செய்தி இது. எனக்கு அந்த மனுஷனை ரொம்பப் பிடிச்சுப் போச்சு. சரியான ஆளைப் பிடிச்சுக் கேட்டார்ல! நம்ம ஊர்ல கார் விக்கிற கம்பெனி ஒண்ணாவது ஒரு நெடுஞ்சாலை அதிகாரியைப் பார்த்து இப்படி வெளிப்படையாக் கேட்டு நான் பார்த்ததில்லை. கேக்க மாட்டாங்க. அவங்களுக்கு டாப் மாடல் வித்துடுது.

கேட்ட ஊர்ல என்ன நடந்துச்சுன்னும் பாருங்க. ஐரோப்பாவுல காரை சோதிக்கிற யூரோ என்கேப்பும், ரோட்டை சோதிக்கிற யூரோராப்பும் சேர்ந்து 2011லயும் 2013லயும் அறிக்கை விட்டாங்க. தலைப்பே "கார் படிக்கக்கூடிய சாலைகள்"ங்கற அர்த்தத்துலதான். கோடு 150 மில்லிமீட்டர் அகலம் இருக்கணும், ஹெட்லைட் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற திறனும் 150 அளவு இருக்கணும்னாங்க. அமெரிக்காவுல 2022ல, ராத்திரியில கோடு குறைந்தபட்சம் எவ்வளவு மின்னணும்னு மத்திய அரசே விதி போட்டு, அதைப் பராமரிக்கத் திட்டம் வச்சுக்கோன்னு சாலைத் துறைகளுக்கு நாலு வருஷம் கெடு குடுத்துச்சு. புரியுதா? காருக்கு விதி போட்டவன் ரோட்டுக்கும் விதி போட்டான்.

நம்ம ஊர்ல விதி இல்லையான்னா, இருக்கு. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வெளியிட்ட ஐ.ஆர்.சி.:35ன்னு ஒரு புத்தகம், 2015 பதிப்பு. எந்த ரோட்டுல எந்தக் கோடு, எவ்வளவு அகலம், எவ்வளவு இடைவெளி எல்லாம் தெளிவா இருக்கு. உருக்கி ஊத்துற தெர்மோபிளாஸ்டிக் பெயிண்ட், அது மேல தூவுற கண்ணாடி மணி, எல்லாம் அதுல உண்டு. அந்தக் கண்ணாடி மணிதான் ராத்திரியில நம்ம ஹெட்லைட்டை நமக்கே திருப்பி அனுப்புது. ஆனா நம்ம ஊர்ல கோடு எப்ப புதுசாகும்? ரோடு திறப்பு விழா அன்னிக்கு. அப்புறம் மந்திரி அந்தப் பக்கம் வர்றார்னா ராத்திரியோட ராத்திரியா. மத்த நாளெல்லாம் லாரி டயர்தான் அதைப் பராமரிக்குது.

டோல்கேட் பீப் மட்டும் ஒரு நாளும் தவறுறதில்லை, கவனிச்சீங்களா? 2021 பிப்ரவரியில ஃபாஸ்டேக் கட்டாயம் ஆச்சு. அதுக்கு கேமரா, சென்சார், சர்வர் எல்லாம் வெயில்லயும் மழையிலயும் ஜோரா வேலை செய்யுது. காசு எடுக்கிற பீப்புக்கு ஏற்பாடு பக்கா. உயிரைக் காக்கிற பீப்புக்கு வேண்டியது ஒரு கோடு. அதுக்குத்தான் வக்கில்லை.

சரி, காருக்காரன் ஆஃப் பண்ணிட்டுப் போறான், உனக்கென்னய்யான்னு கேக்கறீங்களா? இருங்க, இப்பத்தான் சீரியஸ் மேட்டரே வருது.

2025 மார்ச்சுல மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஒரு வரைவு அறிவிக்கை விட்டுச்சு. பஸ், லாரி மாதிரி பெரிய வண்டிகளுக்குத் தானியங்கி பிரேக், தூக்கக் கலக்க எச்சரிக்கை, கூடவே லேன் டிபார்ச்சர் வார்னிங் எல்லாம் கட்டாயம்னு. வரைவுல இருந்த தேதி, புது மாடல்களுக்கு 2026 ஏப்ரல், ஏற்கெனவே விக்கிற மாடல்களுக்கு 2026 அக்டோபர். தேதி முன்னப் பின்ன ஆகலாம், திசை அதுதான். நான் இதை எதிர்க்கலை. பெரிய வண்டிக்குத்தான் இது முதல்ல வரணும். ஐரோப்பாவுலயும் அப்படித்தான், 2013, 2015லயே லாரி, பஸ்ஸுக்குக் கட்டாயம் பண்ணிட்டுத்தான் காருக்கு வந்தாங்க.

ஆனா அதே அறிவிக்கையில, இந்தக் கேமரா பார்க்க வேண்டிய கோட்டை யார் பராமரிக்கணும், அழிஞ்சா யாருக்கு அபராதம்? அந்தப் பேச்சே இல்லை. நாளைக்கு ஒரு லாரி ராத்திரி ரெண்டு மணிக்குத் தடம் மாறி, ஓரமா நின்ன வண்டியில மோதுதுன்னு வைங்க. விசாரணையில முதல் கேள்வி, "வார்னிங் இருந்துச்சே, ஏன் கவனிக்கலை?" ரெண்டாவது கேள்வி, "ஏன் ஆஃப் பண்ணினே?" கோடு இருந்துச்சான்னு மூணாவது கேள்வி ஒண்ணு வருமா? வராது. இந்த பீப்போட உண்மையான உபயோகம் இங்க அதுவாத்தான் ஆகப் போவுது. ரோடு போட்டவன் தலையில இருக்க வேண்டிய பழியை ஓட்டுறவன் தலைக்கு மாத்துற மிஷின்.

தூக்கத்தைப் பத்தியும் பேசிடுவோம். மேல சொன்ன அதே ஐ.ஐ.எச்.எஸ். இன்னொண்ணும் பார்த்தாங்க. தடம் மாறி விபத்துல சிக்கின ஓட்டுநர்கள்ல 34 சதவீதம் பேர் தூங்கிட்டவங்க, இல்லேன்னா வேற ஏதோ காரணத்தால உடம்பு செயலிழந்து போனவங்க. ராத்திரி டீக்கடையில பேச்சுக் குடுத்தப்ப ஒரு லாரி டிரைவர் அண்ணன் என்கிட்ட சொன்னது இது. "பீப் அடிச்சா முழிச்சுக்குவேன் தம்பி. முழிச்சு என்ன பண்ண? காலைல ஆறு மணிக்கு லோடு இறக்கணும். திரும்ப ஓட்டத்தான் செய்யணும்." ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்னு மோட்டார் தொழிலாளர் சட்டம் 1961லயே சொல்லிடுச்சு. அறுபது வருஷத்துக்கு மேல அமலுக்கு வராத சட்டத்தோட வேலையை ஒரு பஸ்ஸர்கிட்ட ஒப்படைக்கிறோம்.

இப்போ சிலர் கேப்பீங்க, "குறை மட்டும் சொல்றியே, வழி என்ன?"ன்னு. இருக்கு. கேமராவே இல்லாம தடம் மாறினா எச்சரிக்கிற வித்தை ஒண்ணு இருக்கு. அதுவும் ரோட்டுலயே!

ரம்பிள் ஸ்ட்ரிப். நம்ம ஊர்ல ஸ்பீடு பிரேக்கருக்கு முன்னாடி குறுக்கால போட்டு முதுகெலும்பை உடைக்கிறாங்களே, அது இல்லை. நீளவாக்குல, ஓரக் கோட்டை ஒட்டியோ நடுக்கோட்டு மேலயோ, சின்னச் சின்னப் பள்ளமாச் செதுக்கி விடுறது. இல்லேன்னா கோட்டையே மேடு மேடா உருக்கி ஊத்துறது. சக்கரம் அதுல ஏறினா 'தடதட'ன்னு சத்தம், ஸ்டியரிங் அதிரும். அமெரிக்காவுல 2009ல வந்த ஒரு ஆய்வு, என்.சி.எச்.ஆர்.பி. அறிக்கை எண் 641. கிராமப்புற ரெண்டு வழி ரோட்டுல நடுக்கோட்டு மேல இதைப் போட்டா, நேருக்கு நேர் மோதுறது, எதிர்வண்டியோட உரசுறது, இந்த வகையில உயிரிழப்போ காயமோ வர்ற விபத்துகள் 44 சதவீதம் குறையுதுன்னு சொல்லுது. பீப்புக்குக் கிடைச்சது 21, செதுக்கின ரோட்டுக்கு 44. வேற வேற ரோடு, வேற வேற கணக்குதான், பக்கத்துல வச்சு அப்படியே ஒப்பிட முடியாதுன்னு தெரியும். ஆனா எது ஏழைக்கும் வேலை செய்யும்னு யோசிங்க. 20 வருஷப் பழைய லாரியும், ஷேர் வேனும், டவுன் பஸ்ஸும், டாப் மாடலும், எல்லாத்துக்கும் ஒரே தடதட. ஆஃப் பட்டனும் கிடையாது.

இது ஏன் முக்கியம்னா, நம்ம ரோட்டுல சாகுறது பெரும்பாலும் காருக்குள்ள இருக்கிறவன் இல்லை. 2022ல இந்தியாவுல சாலை விபத்துல செத்தவங்க 1,68,491 பேர். அதுல 44.5 சதவீதம் டூவீலர்ல போனவங்க, 19.5 சதவீதம் நடந்து போனவங்க. அந்த வருஷம் நாட்டுலயே அதிக விபத்து நடந்த மாநிலம் எது தெரியுமா? நம்ம தமிழ்நாடுதான், 64,105. சாவு 17,884. டூவீலர்காரனுக்கு கேமரா கிடையாது, பீப் கிடையாது. ஆனா மழை ராத்திரியில, எதிர்ல ஒருத்தன் ஹைபீம் அடிச்சுக் கண்ணு இருட்டிப் போற அந்த நொடியில, இடது பக்கம் பளிச்சுனு ஒரு ஓரக் கோடு தெரிஞ்சா அதைப் பிடிச்சுக்கிட்டு வீடு போய்ச் சேர்ந்துடுவான். உலகத்துலயே மலிவான தடம் மாறும் எச்சரிக்கை ஒரு நல்ல கோடுதான். அதுக்கு வேரியன்ட் கிடையாது, வண்டி வச்சிருக்கிற அத்தனை பேருக்கும் அது டாப் மாடல்.

அதனால என் கோரிக்கை மூணுதான்.

ஒண்ணு, வண்டிக்கு லேன் வார்னிங்கைக் கட்டாயம் பண்ற அதே விதியில, ராத்திரியில கோடு குறைந்தபட்சம் எவ்வளவு மின்னணும்னு அளவு வச்சு, வருஷா வருஷம் அளந்து வெளியிடணும். அளவுக்குக் கீழ போன தூரத்துக்கு டோல் வாங்கக் கூடாது. பணத்துல கை வச்சாத்தான் பெயிண்ட் டப்பா திறக்கும்.

ரெண்டு, கார் கம்பெனிங்க விளம்பரத்துலயே தெளிவா சொல்லணும். கோடு இல்லாத ரோட்டுல இது வேலை செய்யாதுன்னு, மேனுவல்ல நானூறாவது பக்கத்துல இல்லை, விலை போட்டிருக்கிற அதே சைஸ் எழுத்துல.

மூணு, ரெண்டு வழி ரோட்டுல, அடிக்கடி நேருக்கு நேர் மோதல் நடக்கிற இடங்கள்ல முதல்ல நடுக்கோட்டைச் செதுக்குங்க. கேமரா பின்னாடி மெதுவா வரட்டும்.

"நீ டெக்னாலஜிக்கு எதிரி"ன்னு பின்னூட்டம் போடப் போற அண்ணாச்சிக்கு முன்கூட்டியே பதில். நான் எதிரி இல்லை. டெக்னாலஜியை முழுசாக் குடுன்னு கேக்கறேன். பாதியைக் காருல வச்சு வித்துட்டு, மீதிப் பாதியைக் கடவுள் பார்த்துக்குவார்னு விடாதேங்கறேன்.

உங்க ஊர் பக்கம் கோடு எப்படி இருக்கு? கடைசியா எப்ப பெயிண்ட் அடிச்சாங்க? படம் எடுத்துப் பதிவா போடுங்க. ஆளுக்கு ஒரு ரோடு போட்டாலே நல்ல பட்டியல் தேறும்.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு யாரும் லேன் வார்னிங்கை ஆஃப் பண்ணிட்டு ஓட்டாதீங்க சாமி. ஒழுங்கான கோடு இருக்கிற எக்ஸ்பிரஸ்வேயில அது உங்க உயிரைக் காப்பாத்தும். கோடு இல்லாத இடத்துல உங்க கண்ணுதான் காப்பாத்தணும், தூக்கம் வந்தா ஓரங்கட்டிடுங்க.